கிளாமர் என்னும் கண்கட்டு: பழைய ஃபேஷன் விளம்பரப் படங்களுக்கு ஓர் அறிமுகம்

"இந்தப் படத்தில் கொஞ்சம் கிளாமராக நடித்திருக்கிறேன்" என்று ஒரு நடிகை பேட்டி கொடுத்தால், அதற்கு யாரும் நமக்கு உரை எழுதித் தர வேண்டியதில்லை. உடை குறைந்திருக்கிறது என்று அர்த்தம். சினிமாப் பக்கங்களில் அந்தச் சொல் பல காலமாக அப்படித்தான் ஓடுகிறது. "கிளாமருக்கு நோ" என்று தலைப்பு வந்தால், சேலையோடு வருவார் என்று எடுத்துக்கொள்கிறோம்.

சரி, இப்போது 1930களிலோ 1950களிலோ வந்த ஓர் அமெரிக்க ஃபேஷன் இதழைப் புரட்டிப் பாருங்கள். கணுக்கால்வரை இறங்கும் கவுன். முழங்கையைத் தாண்டி ஏறும் கையுறை. தொப்பியிலிருந்து தொங்கிக் கண்ணைப் பாதி மறைக்கும் வலைத்துணி. சில படங்களில் முகமே தெரியாது. இவற்றையும் கிளாமர் என்றுதான் சொல்கிறார்கள். சொல்லப்போனால் அந்தச் சொல்லுக்கு முதல் உரிமை இவற்றுக்குத்தான்.

அப்படியானால் கிளாமர் எங்கே இருக்கிறது? பெண்ணிடமா, உடையிலா, கேமராவிலா? கேமராவைத் தொட்டே பழக்கமில்லாதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

## இலக்கணத்தில் பிறந்த சொல்

கிளாமர் என்ற சொல் ஸ்காட்லாந்தில் பிறந்தது. நாம் பள்ளிக்கூடத்தில் பயந்த 'கிராமர்' இருக்கிறதே, அது திரிந்துதான் கிளாமர் ஆனது. எழுத்தறிவு அரிதாக இருந்த காலத்தில், புத்தகம் படிக்கத் தெரிந்தவனுக்கு மந்திரமும் தெரிந்திருக்கும் என்று ஊரார் நம்பினார்கள். இலக்கணம் என்றால் படிப்பு, படிப்பு என்றால் மறைவான படிப்பு, அப்புறம் மந்திரம். இப்படிப் படிப்படியாக அர்த்தம் நகர்ந்தது. ஒருவர்மேல் 'கிளாமர் போடுவது' என்றால் இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. நம் ஊர்ப் பேச்சில் கண்கட்டு வித்தை. 19ஆம் நூற்றாண்டில் வால்டர் ஸ்காட்டின் எழுத்துகள் வழியாக ஆங்கிலம் படிக்கும் எல்லோருக்கும் அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. ஹாலிவுட்டும் ஃபேஷன் இதழ்களும் அதை எடுத்துக்கொண்டது அதற்கும் பின்னால்தான்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "மூக்கும் முழியுமாக லட்சணமாக இருக்கிறாள்" என்கிறோம் இல்லையா? அந்த லட்சணமும், நாம் படிக்கும் இலக்கணமும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். தற்செயல்தான், இரண்டு மொழிக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் ஒன்றுமில்லை. இருந்தாலும் இலக்கணத்துக்கும் அழகுக்கும் இங்கேயும் ஓர் உறவு இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தக் கட்டுரைக்கு நாம் வைத்துக்கொள்ளும் பொருள் இதுதான்: அழகு ஒருவரின் முகத்தில் இருக்கலாம், கிளாமர் என்பது பார்ப்பவரின் கண்ணில் ஏற்படுத்தப்படும் ஒரு விளைவு. அதைச் செய்ய ஆள் வேண்டும், கருவி வேண்டும், நேரம் வேண்டும்.

## வெளிச்சம்: அறையில் செய்து பார்க்கலாம்

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடிமுன் உட்காருங்கள். போன் டார்ச்சை முகத்துக்குக் கீழே பிடியுங்கள். பேய்க்கதை. காதோரம் பிடியுங்கள்: முகத்தில் பாதி காணாமல் போகும். உச்சந்தலைக்கு நேர் மேலே பிடித்தால் கண் இரண்டும் கறுத்த குழிகளாகிவிடும். நடுப்பகல் வெயிலில் எடுத்த கல்யாணப் படங்களில் எல்லோரும் களைத்துப்போய்த் தெரிவது இதனால்தான்.

இப்போது கையை முன்னால் நீட்டி, நெற்றியைவிடச் சற்று உயரத்திலிருந்து முகத்தை நோக்கி அடியுங்கள். மூக்குக்குக் கீழே சின்னதாக ஒரு நிழல் விழும், சிறகு விரித்த பட்டாம்பூச்சி மாதிரி. கன்னத்து எலும்பு எடுப்பாகும், அதற்குக் கீழே கன்னம் லேசாக உள்வாங்கும். தாடைக்குக் கீழே நிழல் விழுவதால் முகம் கழுத்திலிருந்து பிரிந்து தனியாக மிதப்பதுபோல் இருக்கும். போன வாரம் என் அக்கா மகளை உட்கார வைத்து இதைச் செய்தேன். "மாமா, இது நானா?" என்றாள். பவுடர்கூடப் போடவில்லை.

முகத்தை வடிவமைக்கும் இந்த முக்கிய விளக்குக்குக் கீ லைட் என்று பெயர். அதை இப்படி உயரத்தில் முன்னால் வைக்கும் முறையைப் பாரமவுண்ட் லைட்டிங் என்பார்கள். பாரமவுண்ட் என்பது ஒரு ஹாலிவுட் ஸ்டுடியோ. 1930களில் நடிகை மார்லீன் டீட்ரிக்கின் முகத்தை அந்த ஸ்டுடியோவின் படங்களில் இப்படித்தான் காட்டினார்கள். பார்த்துப் பழகியவர்கள் அவர் கன்னமே அப்படி என்று நினைத்துக்கொண்டார்கள். 

நமக்கு இது புதிதும் இல்லை. கோயிலில் மின்விளக்கை அணைத்துவிட்டு தீபாராதனை காட்டும்போது, தட்டு மேலும் கீழும் போகப் போக அம்மன் முகம் மாறிக்கொண்டே வரும். சிலை என்னவோ அதேதான்.

விளக்கின் இடத்தைப் போலவே அதன் அளவும் முக்கியம். சின்ன விளக்கு கூர்மையான நிழல் தரும், வெயில் மாதிரி. பெரிய பரப்பிலிருந்து வரும் வெளிச்சம் நிழலின் ஓரத்தைக் கரைத்துவிடும், மேகம் மூடிய நாள் மாதிரி. நம் சினிமாப் படப்பிடிப்பில் ஒருவர் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பாரே, அவர் செய்வது வெளிச்சத்தை ஒரு பெரிய வெள்ளைப் பரப்பில் பட வைத்துத் திருப்பிவிடுவது.

ஜார்ஜ் ஹரெல் என்ற புகைப்படக்காரர் கூர்மையான வெளிச்சத்தை விரும்பினார். ஓவியராகக் கலிஃபோர்னியாவுக்கு வந்தவர். 1929இல் நார்மா ஷியரர் என்ற நடிகை அவரைத் தேடி வந்தார். ஷியரருக்கு ஒரு கவர்ச்சியான கதாநாயகி வேடத்தின்மேல் கண். முடிவு செய்ய வேண்டியவர் எம்.ஜி.எம். நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க். அவர் ஷியரரின் கணவரும்கூட! இருந்தும், மனைவிக்கு அந்த வேடம் பொருந்தாது என்று நினைத்தார். ஹரெல் எடுத்த படங்களைப் பார்த்தபின் மனம் மாறினார். வேடம் கிடைத்தது, ஆஸ்கரும் கிடைத்தது. தினமும் வீட்டில் பார்க்கும் முகத்தில் கணவருக்குத் தெரியாதது, ஒரு விளக்கை இடம் மாற்றி வைத்ததும் தெரிந்துவிட்டது. கிளாமர் முகத்தில் இருப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

துணிக்கும் வெளிச்சம் முக்கியம். 1930களின் கவுன்கள் பெரும்பாலும் சாட்டினில் ஏன் இருந்தன? சாட்டின் வெளிச்சத்தை வாங்கிப் பளீரென்று திருப்பித் தரும். அதோடு, பாரிஸில் மாட்லீன் வியோனே என்ற தையல் மேதை 1920களிலேயே துணியை நேராக வெட்டாமல் மூலைவாக்கில் வெட்டும் முறையைப் பிரபலப்படுத்தியிருந்தார். நம் டெய்லர்கள் 'கிராஸ் கட்டிங்' பிளவுஸ் என்பார்களே, அதே தத்துவம்தான்: குறுக்கே வெட்டிய துணி இழுபட்டு உடம்போடு படியும். உடம்பு முழுக்க மூடியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் வெளிச்சம் ஒரு கோடு போடுகிறது. காட்டவேண்டிய அவசியமே இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: விளக்கு எங்கே, எவ்வளவு பெரியது என்ற இரண்டை வைத்தே ஒரு முகத்தை இன்னொரு முகமாக்கலாம். அதில் வெளிச்சத்துக்கு எவ்வளவு பங்கோ, இருட்டுக்கும் அவ்வளவு.

## மங்கல்: கலங்கலும் மினுக்கமும் வேறு

பழைய படங்களில் முகத்தைச் சுற்றி ஒரு பனிமூட்டம் இருக்கும். "ஃபோகஸ் சரியில்லை, அந்தக் காலத்துக் கேமரா" என்று சிலர் சொல்வதுண்டு. தவறு. தலைமுடி ஒவ்வொன்றும் தெரியும் அளவுக்குக் கூர்மையான லென்ஸ்கள் அப்போதே இருந்தன.

கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு வெளியே எரியும் விளக்கைப் பாருங்கள். விளக்கு தெளிவாகத்தான் தெரிகிறது. ஆனால் அதைச் சுற்றி ஓர் ஒளிவட்டம். தேங்காயெண்ணெய் பட்ட விரலால் போன் கேமராவைத் தொட்டுவிட்டுத் தெருவிளக்கைப் படம் எடுத்தாலும் இதே கதை. இதற்கு சாஃப்ட் ஃபோகஸ் என்று பெயர்: தெளிவான ஒரு பிம்பத்தின்மேல் மங்கலான இன்னொரு பிம்பம் படிந்திருப்பது. கண், உதடு, நகை எல்லாம் துலக்கமாக நிற்கும். தோலின் குழியும் சுருக்கமும் மட்டும் கரைந்துவிடும்.

1910களில் அமெரிக்க வோக் இதழுக்குப் படம் எடுத்த பாரன் அடால்ஃப் டி மேயர் இதில் கைதேர்ந்தவர். நடுவில் தெளிவாகவும் ஓரங்களில் மங்கலாகவும் காட்டும் லென்ஸைப் பயன்படுத்தினார். பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்துக் கூந்தலின் ஓரத்தை எரியவிட்டார். அவருக்குப் பின் 1923இல் வந்த எட்வர்ட் ஸ்டைக்கன் இந்தப் பனியைக் கலைத்துவிட்டு, நேர்கோடுகளும் தெளிவான நிழல்களுமாக எடுத்தார். மங்கல் ஃபேஷனிலிருந்து போனது. கிளாமர் போகவில்லை, வேறு வழியில் வந்தது.

## பென்சில்: போட்டோஷாப்புக்கு முந்தைய போட்டோஷாப்

"அந்தக் காலத்து அழகு இயற்கை, இந்தக் காலத்தில் எல்லாம் கம்ப்யூட்டர்" என்று பழைய நடிகைகளின் படத்தோடு ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அனுப்புகிறவர்களோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன். ஆனால் உண்மையை இங்கே சொல்லியாக வேண்டும்.

நெகட்டிவ் என்பது எல்லாம் தலைகீழாகப் பதிந்த படலம். வெளிச்சமான இடம் அதில் கறுப்பாகவும், கறுத்த இடம் கண்ணாடிபோலத் தெளிவாகவும் இருக்கும். அதன் வழியாக வெளிச்சத்தைச் செலுத்தித் தாளில் விழவைத்தால் மறுபடி எல்லாம் நேராகும். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்கிறது என்று வையுங்கள். சுருக்கம் நிழல், எனவே நெகட்டிவில் அது தெளிவான ஒரு கோடு. கூர்மையாகச் சீவிய பென்சிலால் அந்தக் கோட்டின்மேல் மெல்லத் தீட்டினால் அங்கே வெளிச்சம் புகாது. தாளில் அந்த இடம் சுற்றியிருக்கும் தோலின் நிறத்துக்கே வந்துவிடும். சுருக்கம் போயிற்று. எதிர்மாறாக, எதையாவது கறுப்பாக்க வேண்டுமானால் மெல்லிய கத்தியால் படலத்தைச் சுரண்டுவார்கள். இடுப்பில் ஓர் அங்குலம் குறைய வேண்டுமா? சுரண்டல், தீட்டல் இரண்டும் சேர்ந்தால் ஆயிற்று.

நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் இதே வேலை நடந்தது. டச்சிங் என்பார்கள். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே நடந்தது.

ஹரெல் பயன்படுத்திய கேமராவின் நெகட்டிவ் 8க்கு 10 அங்குலம், கிட்டத்தட்ட ஒரு பள்ளிக்கூட நோட்டின் அளவு. அவ்வளவு பெரிய படலத்தில் இமைமுடி ஒவ்வொன்றையும் தொட்டுத் திருத்தலாம். நடிகை ஜோன் கிராஃபோர்டின் முகமெல்லாம் செம்புள்ளிகள். திருத்தாத நெகட்டிவில் அவை நெற்றியிலிருந்து தோள்வரை இறைந்து கிடக்கும். அச்சில் வந்த படத்திலோ பளிங்கு.

இன்னோர் உதாரணம், இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. 1939 ஆகஸ்ட், பாரிஸ், போர் வாசலில் நிற்கிறது. ஹோர்ஸ்ட் என்ற புகைப்படக்காரர் வோக் ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்தார். மெயின்போஷர் நிறுவனத்தின் இடுப்புக் கச்சை அணிந்த ஒரு பெண், நமக்கு முதுகைக் காட்டி, கைகளை உயர்த்தி, முகத்தைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். கச்சையின் நாடாக்கள் அவிழ்ந்து மேடைமேல் வழிகின்றன. ஒரே விளக்கில் எடுத்ததுபோல் இருக்கும். உண்மையில் பல விளக்குகளும் பிரதிபலிப்பு அட்டைகளும் இருந்தன. எப்படி எடுத்தேன் என்று தனக்கே தெரியாது, திரும்ப எடுக்கவும் முடியாது என்று பின்னால் ஹோர்ஸ்ட் சொன்னார். மூலப் படத்தில் கச்சையின் ஒரு பக்கம் உடம்பிலிருந்து லேசாக விலகி நிற்கிறது. இதழில் வெளியானபோது அந்த இடைவெளியைத் திருத்தி, உடம்போடு ஒட்டவைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்த இடைவெளியில்தான் படத்தின் உயிரே இருக்கிறது. கையை விட்டால் கழன்றுவிடும் என்ற அந்தத் தவிப்பு. பிற்காலத்தில் கண்காட்சிகளில் திருத்தாத படம்தான் புகழ் பெற்றது.

லிலியன் பாஸ்மன் இன்னும் ஒரு படி போனார். 1940களிலும் 50களிலும் உள்ளாடை விளம்பரங்களுக்கு நிறையப் படம் எடுத்தவர். இருட்டறையில் தாளில் படம் விழும்போது நடுவே மெல்லிய துணியைப் பிடிப்பார். கழுவிய படத்தின்மேல் ரசாயனத்தைத் தடவி, வேண்டாத பகுதிகளை வெளுக்க வைப்பார். கடைசியில் ஒரு தோளின் கோடு, ஒரு கழுத்தின் சாய்வு, சுற்றிலும் வெண்மை. விற்கவேண்டிய பொருளோ உள்ளாடை, படமோ கரித்துண்டால் போட்ட கோட்டோவியம் மாதிரி.

சுருக்கமாக: கேமராவின் பொத்தானை அழுத்துவது பாதி வேலைதான். மீதி, மேஜையிலும் இருட்டறையிலும் கையால் நடந்தது.

## பெண்மை: அளவெடுத்துத் தைத்தது

இனி பெண்மைக்கு வருவோம். இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு "அப்போது பெண்கள் பெண்களாக இருந்தார்கள்" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. எந்த அப்போது என்று கேட்க வேண்டும். 1920களின் ஃபேஷன் படங்களில் இடுப்பே கிடையாது. கத்தரித்த முடி, தட்டையான மார்பு, நேராக விழும் சட்டை. 1933இல் ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்காக மார்ட்டின் முன்காச்சி என்ற ஹங்கேரியக்காரர், நீச்சலுடையில் ஒரு பெண்ணைக் கடற்கரையில் ஓடவிட்டுப் படம் எடுத்தார். அவர் அதுவரை விளையாட்டுப் போட்டிகளைப் படம்பிடித்துப் பழகியவர். ஸ்டுடியோத் தூணில் சாய்ந்து நின்ற பெண்மை, ஒரே படத்தில் மூச்சு வாங்க ஓட ஆரம்பித்தது.

பிறகு போர். பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். போர் முடிந்து, 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் உடைத் தொகுப்பைக் காட்டினார். இறுக்கிய இடுப்பு, மெத்தை வைத்துப் புடைத்த இடுப்பின் பக்கங்கள், மீட்டர் மீட்டராகத் துணி விழுங்கும் பாவாடை. ஹார்ப்பர்ஸ் பஜாரின் ஆசிரியர் கார்மெல் ஸ்னோ அதை 'நியூ லுக்' என்றார், பெயர் ஒட்டிக்கொண்டது. பிரிட்டனில் அப்போது துணிக்கு ரேஷன், 1949வரை நீடித்தது. சிகாகோவுக்கு டியோர் போனபோது பெண்கள் எதிர்ப்பு அட்டைகளோடு நின்றார்கள். "அந்தக் காலத்துப் பெண்மை" என்று நாம் இன்று நினைக்கும் மணல்கடிகார உருவம், அது வந்த அன்றே பெண்களில் ஒரு பகுதியினர் வேண்டாம் என்று சொன்ன உருவம்.

அந்த உருவத்தைப் படத்தில் நிறுத்துவது உடலுழைப்பு. எடையை ஒரு காலில் போட வேண்டும், இடுப்பை ஒரு பக்கம் தள்ள வேண்டும், தோளை எதிர்ப்பக்கம் சாய்த்து, கழுத்தை நீட்ட வேண்டும். நம் செப்புத் திருமேனிகளில் அம்மன் நிற்கும் திரிபங்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கையை விரித்துக் காட்டினால் அகலமாகத் தெரியும் என்று, பக்கவாட்டில் திருப்பிக் காட்டுவார்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உடை தொளதொளவென்று இருந்தால் முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்கிவிடுவார்கள். கேமராவுக்கு முதுகு தெரியாது.

ஜவுளிக்கடைப் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் மடிப்புக் கலையாத புடவை. பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஊசி, ஊசி, ஊசி. "அந்தப் பொம்மை கட்டியிருக்கிறதையே கொடுங்க" என்று வாங்கி வந்து வீட்டில் கட்டினால் அந்த மடிப்பு வருவதே இல்லை. நமக்குக் கட்டத் தெரியவில்லை என்று நம்மையே நொந்துகொள்வோம்.

ஸ்வீடனில் பிறந்து நடனம் பயின்ற லிசா ஃபோன்ஸாகிரீவ்ஸ், தன் காலத்தில் மிகப் புகழ்பெற்ற மாடல். அவர் தன்னை ஒரு நல்ல ஹேங்கர் என்றே சொல்லிக்கொண்டார்: படத்தில் இருப்பது உடைதான், பெண் இல்லை. 1949இல் டைம் இதழ் அவரை அட்டையில் போட்டு, மாயைகளால் குளிர்சாதனப் பெட்டியையும் விற்க முடியுமா என்று கேட்டது. மாயை என்ற சொல்லைக் கவனியுங்கள். ஸ்காட்லாந்துக்காரர்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

## தூரமும் பாலமும்

இந்த மயக்கம் எப்படிப் பணமாகிறது? அதற்கு இரண்டு வேண்டும். படத்தில் இருக்கும் பெண் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவைப்போல ஆகிவிடுவார், யாரும் ஏங்க மாட்டார்கள். அதே சமயம் அவரிடம் போக ஒரு வழியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாமி படமாகிவிடுவார். கும்பிடுவோம், கடைக்குப் போக மாட்டோம். விளம்பரத்தின் வேலை அந்தத் தூரத்தைக் காட்டிவிட்டு, உடனே ஒரு மலிவான பாலத்தைப் போடுவது. கவுன் வாங்க வசதியில்லை. ஆனால் சோப்பு வாங்கலாம், உதட்டுச் சாயம் வாங்கலாம்.

லக்ஸ் சோப்பின் கதை முழுக்க இந்தப் பாலம்தான். அமெரிக்காவில் பத்தில் ஒன்பது நட்சத்திரங்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று விளம்பரம் செய்தார்கள். 1941இல் லீலா சிட்னிஸ், லக்ஸ் விளம்பரத்தில் தோன்றிய முதல் இந்திய நடிகை ஆனார். அதன்பின் நம் வார இதழ்களின் பக்கங்களிலும் நடிகைகளின் மினுக்கும் முகங்களோடு அது வந்துகொண்டே இருந்தது.

சில சமயம் பாலத்தை எழுத்துதான் போடும். 1952இல் ரெவ்லான் நிறுவனம் 'நெருப்பும் பனியும்' என்ற பெயரில் ஒரு சிவப்பைக் கொண்டுவந்தது, உதட்டுக்கும் நகத்துக்கும். ரிச்சர்ட் அவெடான் எடுத்த படம்: வெள்ளி ஜிகினா மின்னும் கவுனில், சிவப்பு மேலங்கியோடு மாடல் டோரியன் லீ. பக்கத்தில் 15 கேள்விகள். செருப்பைக் கழற்றிவிட்டு ஆடியிருக்கிறீர்களா? பிறை கண்டு வேண்டிக்கொள்வது உண்டா? எட்டுக்காவது 'ஆம்' என்றால் இந்த நிறம் உங்களுக்குத்தான். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! படம் தூரத்தைக் காட்டுகிறது, கேள்வியோ "நீயும் உள்ளுக்குள் இப்படித்தானே" என்று தோளில் கை போடுகிறது. டோரியன் லீக்கு அப்போது வயது 35, பிள்ளைகளும் இருந்தார்கள். அது விளம்பரத்தில் இல்லை.

இந்தக் கேள்விகளை எழுதியவர் கே டேலி என்ற பெண். ஆண்கள் பார்ப்பதற்காக ஆண்கள் எடுத்த படங்கள் என்று இவற்றை ஒதுக்கிவிடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெரும்பாலும் பெண்கள் வாங்கும் இதழ்களில், பெண்கள் பார்ப்பதற்காக வந்தவை இவை. கார்மெல் ஸ்னோ, பாஸ்மன் தவிர லூயிஸ் டால்-உல்ஃப், டோனி ஃபிரிசெல் என்று கேமராவுக்குப் பின்னாலும் பெண்கள் இருந்தார்கள். அதனால் எல்லாம் நல்லது என்று ஆகிவிடாது. அந்தப் பக்கங்களில் இருந்த பெண் ஏறக்குறைய எப்போதும் வெள்ளைக்காரி, ஒல்லி. அமெரிக்க வோக் அட்டையில் ஒரு கறுப்பினப் பெண் வர 1974 ஆகஸ்ட்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பெவர்லி ஜான்சன். அத்தனை ஆண்டுகள் அந்தப் பாலத்தில் ஏறக்கூட இடம் கிடைக்காதவர்கள் அத்தனை பேர்.

## ஒரே படத்தில் எல்லாம்

கற்றதை வைத்து ஒரு படத்தைப் படித்துப் பார்ப்போம். இது விளம்பரம் இல்லை, ஹார்ப்பர்ஸ் பஜாரின் ஃபேஷன் பக்கத்துக்காக எடுத்தது. ஆனால் இரண்டு வகைப் பக்கங்களுக்கும் ஆட்களும் உத்திகளும் ஒன்றுதான். 1955 ஆகஸ்ட், பாரிஸில் ஒரு சர்க்கஸ். அவெடான் கேமராவுக்குப் பின்னால். யானைகளுக்கு நடுவே கறுப்பு கவுனில், இடுப்பிலிருந்து வெள்ளைப் பட்டுக்கச்சை வழிய, டோவிமா. கவுன் டியோர் நிறுவனத்துடையது. வடிவமைத்தவர் அங்கே உதவியாளராகச் சேர்ந்திருந்த இளைஞர் ஈவ் சான் லோரான்.

வெளிச்சம் கூரையில் இருந்த பெரிய கண்ணாடிச் சாளரத்திலிருந்து வருகிறது. பெரிய பரப்பு, எனவே மென்மையான நிழல். யானைத்தோலின் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது. அதன் பக்கத்தில் கவுனின் துணி இன்னும் வழவழப்பாகிறது. ஒரு கை யானையின் தும்பிக்கையை நோக்கி மேலே, இன்னொரு கை கீழே இன்னொரு யானையின்மேல். எடை ஒரு காலில், இடுப்பு ஒரு பக்கம், கழுத்து நீண்டு, முகம் நம்மைப் பார்க்காமல். அதே திரிபங்கம். கீழே பார்த்தால் யானைகளின் காலில் சங்கிலி. பலர் அதைக் கவனிப்பதே இல்லை, அவ்வளவு தூரம் கண் மேலேயே நின்றுவிடுகிறது. அவெடானுக்கோ அந்த வெள்ளைக் கச்சைமேல் கடைசிவரை குறை. யானையின் காலோடு இழைந்து வெளிப்பக்கம் விழுந்திருக்க வேண்டும் என்பார்.

டோவிமா என்பது டோரதி, வர்ஜீனியா, மார்கரெட் என்ற அவருடைய மூன்று பெயர்களிலும் ஆங்கிலத்தில் வரும் முதல் இரண்டிரண்டு எழுத்துகளைச் சேர்த்துச் செய்தது. நியூயார்க்கில் ஒரு சாதாரணக் குடும்பம். சிறுவயதில் வாதக் காய்ச்சலால் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்தவர். முன்பல் ஒன்று உடைந்திருந்தது. அதனால் படங்களில் வாயைத் திறக்காமல் உதட்டோரத்தில் சிரிப்பார். பத்திரிகைகள் அதை மோனாலிசாவின் மர்மப் புன்னகை என்று எழுதின.

மாடலிங்கை விட்டபின் ஃபுளோரிடாவில் ஒரு பீட்சா கடையில், வருகிறவர்களை வரவேற்று மேஜை காட்டும் வேலை பார்த்தார். 1990இல் இறந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 2010இல், யானைகளோடு அவர் நிற்கும் அந்தப் படத்தின் பெரிய பிரதி ஒன்று பாரிஸில் ஏலத்துக்கு வந்தது. 8,41,000 யூரோவுக்குப் போனது. வாங்கியது டியோர் நிறுவனம்.